அடைபட்ட மரபணு: மூளைக்கட்டி ரிப்போர்ட்டில் ஒரு வரி

மூளைக்கட்டியை அறுவை செய்து எடுத்த பிறகு கைக்கு வரும் பயாப்சி ரிப்போர்ட்டில், கட்டியின் பெயருக்கும் தரத்துக்கும் கீழே, பெரும்பாலானவர்கள் நின்று படிக்காத ஒரு வரி இருக்கும். ‘எம்ஜிஎம்டி புரமோட்டர் மீத்தைலேஷன்’ என்று தொடங்கி, ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ முடியும். கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைப் புற்றுநோய் வந்தவருக்கு, கொடுக்கப்போகும் மாத்திரை எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதைச் சொல்லும் வரி அது. பல குடும்பங்களுக்கு அதை யாரும் விளக்குவதில்லை. சில இடங்களில் அந்தப் பரிசோதனையே எழுதப்படுவதில்லை. இந்த இரண்டும் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அந்த வரி ஒரு மரபணு கெட்டுப்போனதைப் பற்றிப் பேசவில்லை. எழுத்து ஒன்றுகூடப் பிசகாமல் முழுதாக இருக்கும் ஒரு மரபணு, வேலை செய்ய விடாமல் அடைக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் சொல்கிறது. புற்றுநோய் என்றால் டிஎன்ஏவில் வரும் பிழை என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுவந்திருக்கிறோம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. பிழையே இல்லாத மரபணுக்களை மூடியும், மூடியிருக்க வேண்டியவற்றைத் திறந்துவிட்டும் புற்றுநோய் வளர்கிறது. எது மூடப்பட்டது என்பதைப் பொறுத்து நோயாளியின் போக்கு மாறுகிறது. சில நேரங்களில் அந்த மாற்றம் நோயாளிக்குச் சாதகமாகவே அமைந்துவிடுகிறது.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் கிட்டத்தட்ட 2 மீட்டர் நீள டிஎன்ஏ சுருண்டு கிடக்கிறது. புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் அதில் சுமார் 20,000. கல்லீரலில் இருப்பதும் அதே 20,000. கண்ணில் இருப்பதும் அதேதான். ஆனாலும் கல்லீரல் கல்லீரலாகவே இருக்கிறது. எந்த மரபணு எங்கே திறந்திருக்க வேண்டும், எங்கே மூடியிருக்க வேண்டும் என்ற ஏற்பாடு டிஎன்ஏவின் எழுத்துகளுக்கு மேல் தனியாக நடக்கிறது. அதைப் படிக்கும் துறைக்கு எபிஜெனிடிக்ஸ் என்று பெயர். 1942இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன் வைத்த பெயர்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு வேலைகள் முக்கியம். டிஎன்ஏ தன் நீளம் முழுக்க, ஒவ்வொரு முறையும் சுமார் 147 எழுத்து அளவுக்கு, ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டையைச் சுற்றிக்கொள்கிறது. அந்தச் சுற்று இறுகினால் அங்கே உள்ள மரபணுவைப் படிக்க முடியாது, தளர்ந்தால் முடியும். மற்றது மீத்தைல். ஒரு கரியணுவும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த, மிகச் சிறிய வேதிப்பொருள் தொகுதி இது. டிஎன்ஏவில் குவானினுக்கு முன்னால் நிற்கும் சைட்டோசின் எழுத்தின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியான புரமோட்டரில் மீத்தைல்கள் நெருக்கமாக ஒட்டிவிட்டால், அந்த மரபணு பெரும்பாலும் அடைபட்டுவிடும். செல் இரண்டாகப் பிரியும்போது டிஎன்எம்டி1 என்னும் நொதி பழைய இழையில் மீத்தைல் இருந்த இடங்களைப் பார்த்துப் புது இழையிலும் ஒட்டுகிறது. ஆகவே தாய் செல்லில் அடைபட்டது மகள் செல்லிலும் அடைபட்டே இருக்கும். ஒரு கட்டியின் கோடிக்கணக்கான செல்களுக்கும் அதே அடைப்பு போய்ச்சேர்வது இப்படித்தான்.

1983இல் அமெரிக்காவின் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும் புற்றுத் திசுவின் டிஎன்ஏவில் சில மரபணுக்கள் மீத்தைலை இழந்திருப்பதைக் கண்டார்கள். பிறகு அதற்கு எதிரான காட்சியும் கிடைத்தது: மொத்தத்தில் மீத்தைல் குறைந்திருக்கும் அதே செல்லில், புற்றைத் தடுத்து நிறுத்தும் மரபணுக்களின் வாசலில் மட்டும் மீத்தைல் குவிந்திருந்தது. விழித்திரைப் புற்றைத் தடுக்கும் ஆர்பி, செல் பிரிவதற்குத் தடை போடும் பி16 எனப் பட்டியல் நீண்டது. பிழை வந்து கெடுக்க வேண்டிய மரபணுவை, பிழையே இல்லாமல் அடைத்தும் கெடுக்கலாம் என்பது அப்போது தெளிவாயிற்று.

தற்கொலை செய்துகொள்ளும் புரதம்

எம்ஜிஎம்டி இந்தப் பட்டியலில் ஒரு விசித்திரமான பேர்வழி. அது புற்றைத் தடுக்கும் மரபணு என்பதைவிட, டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் மரபணு என்பதே பொருத்தம். டிஎன்ஏவின் குவானின் எழுத்தில் தவறான இடத்தில் ஒரு மீத்தைல் ஒட்டிக்கொண்டால், அந்தக் குவானின் அடுத்த முறை தப்பான துணையோடு சேரும். எம்ஜிஎம்டி புரதம் அந்த மீத்தைலைப் பிடுங்கித் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறது. வாங்கியபின் அதனால் வேறொரு பழுதைப் பார்க்க முடியாது. செல் அதைச் சிதைத்துவிடுகிறது. கொட்டியபின் சாகும் தேனீபோல, ஒரு புரதம் ஒரே ஒரு மீத்தைலுக்காகத் தன்னைத் தருகிறது. அதனால் பழுது அதிகமானால் புதிய எம்ஜிஎம்டியைச் செல் தொடர்ந்து செய்துகொண்டே இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸ் குழுவினர் 1980களில் உருவாக்கிய டெமோசோலமைடு மாத்திரை செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. அது மூளைக்குள் சென்று, கட்டிச் செல்களின் குவானின்களில் வேண்டுமென்றே மீத்தைலை ஒட்டுகிறது. எம்ஜிஎம்டி நன்றாக வேலை செய்யும் செல்லில் அந்த மீத்தைல்கள் உடனுக்குடன் பிடுங்கப்படும், மருந்து வீணாகும். எம்ஜிஎம்டி மரபணுவைக் கட்டியே அடைத்துவைத்திருந்தால் பிடுங்க ஆளில்லை. செல் பிரியும்போதெல்லாம் தப்பான துணை, அதைத் திருத்த வீண் முயற்சி, திரும்பவும் தப்பு, கடைசியில் டிஎன்ஏ முறிந்து செல் சாகிறது. மருந்து ஒட்டுவதும் மீத்தைல். கட்டி தன் மரபணுவை அடைக்க ஒட்டியதும் மீத்தைல். தன் வளர்ச்சியின் குழப்பத்தில் கட்டி போட்டுக்கொண்ட ஒரு பூட்டே, அதைக் கொல்லவரும் மருந்துக்குத் துணையாகிறது. புற்றுநோய் உயிரியலில் என்னை இதைவிட அதிகமாக வியக்கவைத்த விஷயம் வேறில்லை.

இது மனிதர்களிடம் உண்மையா என்பதைக் காட்டியது 2005. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரைச் சேர்ந்த ரோஜர் ஸ்டுப் தலைமையில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் 573 கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளிடம் சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு மட்டும். மற்றதற்கு ஆறு வாரக் கதிர்வீச்சோடு தினமும் டெமோசோலமைடு, அதன்பின் மாதம் ஐந்து நாள் என ஆறு சுற்று. இடைநிலை உயிர்வாழ்வு 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்தது. இரண்டரை மாதம்தானா என்று கேட்கத் தோன்றும். இரண்டாண்டு கடந்தவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாக உயர்ந்ததைப் பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டோம். இந்த முடிவு வெளிவந்த மருத்துவ இதழிலேயே மோனிகா ஹெகி, இதே நோயாளிகளில் 206 பேரின் திசுவை எடுத்து எம்ஜிஎம்டி நிலையைப் பார்த்து எழுதிய கட்டுரையும் வந்தது. 45 சதவீதம் பேரிடம் மரபணு அடைபட்டிருந்தது. அவர்களில் மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை 21.7 மாதம், இரண்டாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 46 சதவீதம். மரபணு திறந்திருந்தவர்களுக்கு மாத்திரை தந்தபோது இடைநிலை 12.7 மாதம், மாத்திரை இல்லாமல் 11.8. ஒரே பெயர், ஒரே தரம், நுண்ணோக்கியில் ஒரே தோற்றம் கொண்ட கட்டிகள். ஆனால் மருந்துக்கு அவை பணிந்த விதம் வேறு.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதும் அழகான வேதியியல். டிஎன்ஏவைச் சோடியம் பைசல்பைட்டில் ஊறவைத்தால், மீத்தைல் இல்லாத சைட்டோசின் யுராசிலாக மாறிவிடும்; மீத்தைல் ஒட்டிய சைட்டோசின் மாறாது. பிறகு எழுத்துகளைப் படித்தால் மாறாமல் நின்ற இடங்களெல்லாம் மீத்தைல் இருந்த இடங்கள். 1992இல் ஆஸ்திரேலியாவில் மேரியான் ஃப்ராமர் குழுவினர் தந்த வழி இது. 1996இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜேம்ஸ் ஹெர்மனும் ஸ்டீபன் பேலினும் இதைப் பிசிஆருடன் இணைத்து மருத்துவமனை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

எண்கள் யாருக்கு, எதற்கு

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘அடைபட்டிருக்கிறது’ என்று வந்தால் நல்ல காலம், ‘இல்லை’ என்று வந்தால் எல்லாம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடைபட்டிருந்தும் இரண்டாண்டைக் கடக்காதவர்கள் அந்தச் சோதனையில் பாதிக்கு மேல். திறந்திருந்தும் மாத்திரையோடு இரண்டாண்டைக் கடந்தவர்கள் 13.8 சதவீதம். இடைநிலை என்பது பாதிப் பேர் அதைத் தாண்டியும் வாழ்ந்த புள்ளி. எந்த ஒருவருடைய தேதியையும் அது குறித்துத் தருவதில்லை. இதை நோயாளியிடமும் வீட்டாரிடமும் உட்கார்ந்து சொல்ல மருத்துவர் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் உறவுக்காரருக்கு அனுப்பி அர்த்தம் கேட்கும் நிலைமைக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளக் கூடாது.

“எப்படியும் இந்த மாத்திரையைத்தான் எல்லாருக்கும் கொடுக்கப்போகிறோம், பிறகு பரிசோதனை எதற்கு?” என்று சில மருத்துவர்கள் கேட்கிறார்கள். இளைய நோயாளிக்கு வேறு நல்ல மருந்து கையில் இல்லாததால், திறந்திருந்தாலும் டெமோசோலமைடே தரப்படுகிறது என்பது உண்மை. ஆனால் வயது கூடும்போது அந்தக் கேள்வி நிற்காது. 2012இல் ஜெர்மனியிலிருந்தும் நோர்டிக் நாடுகளிலிருந்தும் வந்த இரண்டு சோதனைகள், முதியவர்களில் எம்ஜிஎம்டி அடைபட்டவர்களுக்கு மாத்திரை மட்டும் கொடுப்பதே நல்ல வழியாகலாம் என்றும், திறந்திருப்பவர்களுக்குக் கதிர்வீச்சைவிட மாத்திரையால் கூடுதல் பலன் இல்லை என்றும் காட்டின. எழுபது வயது தாண்டி, தானாக நடக்க முடியாத ஒருவரைக் கிராமத்திலிருந்து நகரத்துக்குக் கொண்டுவந்து, வாடகை அறை எடுத்து, வாரக்கணக்கில் தினமும் கதிர்வீச்சுக்குத் தூக்கிக்கொண்டு போவது என்ன பாடு என்பது நம் வீடுகளுக்குத் தெரியும். வீட்டிலிருந்தே மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு அந்த ஒற்றை வரியில் விடை இருக்கும்போது, அதைச் செய்யாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுபக்கம், அடைபட்டவர்களுக்கு இன்னும் கூடுதலாக ஏதாவது செய்யலாமா என்றும் பார்த்தார்கள். 2019இல் ஜெர்மனியில் அடைபட்ட எம்ஜிஎம்டி உள்ள 129 பேரிடம் நடந்த சோதனையில் டெமோசோலமைடோடு லோமஸ்டின் என்ற மருந்தையும் சேர்த்தபோது இடைநிலை 31.4 மாதத்திலிருந்து 48.1 மாதமாக வந்தது. சிறிய சோதனை என்பதால் எல்லா மருத்துவர்களும் இதை வழக்கமாக்கிக்கொள்ளவில்லை. கட்டியும் சும்மா இருப்பதில்லை. மருந்தால் சாகாமல் தப்ப, தப்பான துணையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வேறொரு மரபணுத் தொகுதியையே சில கட்டிகள் இழந்துவிடுகின்றன. பழுதைக் கவனிக்காத செல் பழுதால் சாவதும் இல்லை. திரும்பி வரும் கட்டிகளில் சிலவற்றில் ஆயிரக்கணக்கான புதிய பிழைகள் குவிந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

மூளைக்கட்டிகளில் எபிஜெனிடிக்ஸ் இன்னும் ஆழமாகப் புகுந்திருக்கிறது. ஐடிஹெச் என்ற மரபணுவில் ஒரு பிழை வந்தால், அந்தச் செல் 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட் என்ற பொருளை ஏராளமாகச் சுரக்கிறது. அது மீத்தைலை அகற்றும் நொதிகளைத் தடுத்துவிடுவதால், டிஎன்ஏ முழுக்க மீத்தைல் ஏறுகிறது. ஐடிஹெச் பிழை உள்ள கட்டிகள் மெதுவாக வளர்பவை, ஆயுளை அதிகம் விட்டுவைப்பவை. 2021இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றைக் கிளியோபிளாஸ்டோமா என்ற பெயரிலிருந்தே வெளியே எடுத்தது. அந்தப் பிழை நொதியை நேரடியாகத் தடுக்கும் வோராசிடெனிப் மாத்திரையை, அறுவைக்குப் பின் வேறு சிகிச்சை பெறாத, இரண்டாம் தரக் கட்டி உள்ளவர்களிடம் சோதித்தபோது, நோய் வளராமல் இருந்த இடைநிலைக் காலம் 11.1 மாதத்திலிருந்து 27.7 மாதமானது. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. இருபது முப்பது வயதுகளில் இந்தக் கட்டி வருபவர்களுக்குக் கதிர்வீச்சைச் சில ஆண்டுகளாவது தள்ளிப்போட முடிந்தால், அதன் மதிப்பை மாதக்கணக்கில் மட்டும் அளக்க முடியாது.

குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும் ஒரு கட்டி இதற்கு மறுமுனை. அங்கே அறுவை செய்ய இடமில்லை. 2012இல் கண்டுபிடித்தது என்னவென்றால், இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஹிஸ்டோன் புரதத்திலேயே 27ஆம் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. செல்லின் ஹிஸ்டோன்களில் சிறு பங்குதான் இப்படி மாறியது. ஆனாலும் அது மரபணுக்களை மூடிவைக்கும் நொதியின் வேலையைச் செல் முழுக்கக் கெடுத்துவிடுகிறது. மூடியிருக்க வேண்டியவை திறந்துகொள்கின்றன. நோய் கண்டபின் பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டைத் தாண்டுவதில்லை. எம்ஜிஎம்டியில் கட்டியின் அடைப்பு நமக்கு உதவியது. இங்கே அடைப்பு இல்லாமல் போனதே கொல்கிறது.

கட்டியின் பெயரைச் சொல்வதற்கே இன்று மீத்தைலைப் படிக்கிறார்கள். 2018இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் சுமார் 2,800 கட்டிகளின் மீத்தைல் தோற்றத்தைக் கொண்டு ஒரு வகைப்படுத்தும் முறையை வெளியிட்டார்கள். அதைப் புதிய நோயாளிகளிடம் பயன்படுத்தியபோது, நுண்ணோக்கி தந்த பெயர் ஏறக்குறைய 12 சதவீதம் பேரிடம் மாற வேண்டியிருந்தது. பெயர் மாறினால் சிகிச்சை மாறும், எதிர்பார்ப்பும் மாறும்.

இந்தியாவிலும் இந்த வேலை நடக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் குமரவேல் சோமசுந்தரம் குழுவினர், கிளியோபிளாஸ்டோமாவில் எந்தெந்த மரபணுக்கள் மீத்தைலால் அடைபட்டால் நோயாளியின் போக்கு எப்படி இருக்கும் என்பதைக் காட்டும் ஒரு மரபணுக் கூட்டத்தை 2013இல் வெளியிட்டார்கள்.

பிள்ளைகளுக்கும் வருமா

மூளையை விட்டு வெளியே வந்தாலும் இதே கதைதான். பெருங்குடல் புற்றில் ஒரு பகுதி கட்டிகளில் எம்எல்ஹெச்1 என்ற பழுதுபார்க்கும் புரதம் இருப்பதில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, லிஞ்ச் நோய் என்னும் பரம்பரைக் குறை; அப்படியானால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் பரிசோதனை செய்துகொண்டு கொலோனோஸ்கோபியைச் சீக்கிரமே தொடங்க வேண்டும். மற்றது, அந்தக் கட்டியில் மட்டும் மரபணு மீத்தைலால் அடைபட்டிருப்பது. இது வயதானவர்களிடம் அதிகம் காணப்படுவது. பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. “இது என் பிள்ளைகளுக்கும் வருமா, டாக்டர்?” என்பதுதான் நம் அம்மாக்களும் அப்பாக்களும் முதலில் கேட்கும் கேள்வி. பல நேரங்களில் அதற்கு விடை தருவது அந்த மீத்தைல் பரிசோதனை. எந்த வழியில் எம்எல்ஹெச்1 போயிருந்தாலும் சிகிச்சையில் ஒரு சாதகம் உண்டு: பிழைகள் குவிந்த இந்தக் கட்டிகளை உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள் எளிதில் அடையாளம் காண்கின்றன. 2020இல் 307 பேரிடம் நடந்த சோதனையில், பரவிய நிலையில் இருந்த இத்தகைய நோயாளிகளுக்கு, அந்த எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைத் தந்தபோது நோய் கட்டுக்குள் இருந்த இடைநிலை 16.5 மாதம், வழக்கமான கீமோவில் 8.2 மாதம்.

எபிஜெனிடிக்ஸின் பெரிய நம்பிக்கை இன்னொன்று. எழுத்துப் பிழையைக் கட்டிக்குள் போய்த் திருத்த இன்று வழியில்லை. ஆனால் அடைப்பைத் திறக்கலாம். அசாசிட்டிடின் என்ற மருந்தைப் பிராகில் அலோயிஸ் பிஸ்கலாவும் ஃபிரான்டிசேக் ஷோர்மும் 1964 வாக்கில் செய்தார்கள். புற்றைக் கொல்லும் வழக்கமான கீமோவாக, அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது நச்சுத்தன்மை தாங்க முடியவில்லை. பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் எலிக்கருவின் செல்களில் இதை இட்டபோது, அவை தசைச் செல்களாக மாறின. மருந்து மீத்தைல் ஒட்டும் நொதியைப் பிடித்துவைத்ததால் அடைபட்டிருந்த மரபணுக்கள் திறந்துகொண்டன என்று 1980இல் எழுதினார்கள். அதன்பின் அளவைக் குறைத்து, கொல்வதற்குப் பதில் திறப்பதற்காக இதைக் கொடுத்துப் பார்க்கும் யோசனை வந்தது. எலும்பு மஜ்ஜை சரியாக ரத்தம் செய்யாத எம்டிஎஸ் நோய்க்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2009இல் வெளியான சோதனையில், அதிக ஆபத்துள்ள எம்டிஎஸ் நோயாளிகளில் 358 பேரின் இடைநிலை உயிர்வாழ்வு, மற்ற சிகிச்சைகளில் 15 மாதமாக இருந்தது, இதில் 24.5 மாதமானது. வயதான எம்டிஎஸ் நோயாளி மாதத்தில் ஏழு நாள் தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் அந்த ஊசிக்குப் பின்னால் நாற்பது ஆண்டு காத்திருப்பு இருக்கிறது. கெட்டியான கட்டிகளில் இதே மருந்து அந்த அளவுக்கு எடுபடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எதைத் திறக்கிறோம் என்பதை இந்த மருந்துகள் தேர்ந்தெடுப்பதில்லை. திறக்கக் கூடாததையும் திறந்துவிடலாம்.

ஆகவே, வீட்டில் யாருக்காவது மூளைக்கட்டி அறுவை நடந்திருந்தால், ரிப்போர்ட்டில் எம்ஜிஎம்டியும் ஐடிஹெச்சும் பார்க்கப்பட்டிருக்கிறதா என்று மருத்துவரைக் கேளுங்கள். எம்ஜிஎம்டியைப் புரதச் சாயம் ஏற்றிப் பார்ப்பது போதாது. மீத்தைலேஷனையே பிசிஆர் அல்லது பைரோசீக்குவென்சிங் முறையில் பார்க்க வேண்டும். விடை சதவீதமாக வந்தால், எந்த எண்ணுக்கு மேல் ‘உண்டு’ என்று கொள்ளப்படுகிறது என்பதை அந்த ஆய்வுக்கூடத்திடமே கேட்க வேண்டும். எல்லைக்கோடு இடத்துக்கு இடம் வேறுபடும், நடுவில் விழுபவர்களும் உண்டு. கட்டியை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்குகளை மருத்துவமனையிலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கலாம். வேறு ஊருக்கு இரண்டாவது கருத்துக்குப் போகும்போது ஸ்கேன் சிடியோடு அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். வெப்பம் படாமல் வைத்திருந்தால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அதிலிருந்து டிஎன்ஏவை எடுக்க முடியும். முதல் மாதிரியில் திசு போதவில்லை, முடிவு சொல்ல முடியவில்லை என்று வந்தால், வேறொரு பிளாக்கிலிருந்து மறுபடியும் செய்யச் சொல்லலாம்.